கொரிந்து சுடுமண் கால்கள்: உடைந்த சிலைகளா, நேர்த்திக்கடனா?

பண்டைய கிரேக்க நகரமான கொரிந்தின் அஸ்கிளெபியோஸ் கோயிலில் கிடைத்த சுடுமண் கால்களும் கைகளும் உடைந்த சிலைகளின் மிச்சங்களா என்று படத்துடன் கேட்டிருந்தீர்கள். அவை மிச்சங்கள் அல்ல, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 4ஆம் நூற்றாண்டு வரை, நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிளெபியோஸுக்குத் தனி உறுப்புகளாகவே செய்து செலுத்தப்பட்ட நேர்த்திக்கடன்கள். குழிகளில் குவியலாகக் கிடைத்ததே உங்களைக் குழப்பியிருக்க வேண்டும். தெய்வத்துக்கு உரியதாகிவிட்ட பொருளை வெளியே எறிய முடியாது என்பதால், இடம் நிறைந்ததும் அவற்றைக் கோயில் எல்லைக்குள்ளேயே புதைப்பது கிரேக்க வழக்கம்.

படத்தைப் பெரிதாக்கி, காலின் மேல்முனையைப் பாருங்கள். உடைந்த சிலையென்றால் அங்கே ஒழுங்கற்ற, கரடுமுரடான முறிவு தெரியும். காணிக்கையென்றால் சுடுவதற்கு முன்பே வழித்துச் சமன்செய்த விளிம்பும், சிலவற்றில் சுவரில் தொங்கவிடுவதற்கான துளையும் இருக்கும். (விரல் நகங்கள்வரை வடித்திருக்கும் அக்கறையையும் கவனியுங்கள்.)

ஆனால் காலைக் கண்டதும் கால்நோய் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். எழுத்துப் பொறிப்பு இல்லாதபோது, அது வேண்டுதலா, குணமானதற்கான நன்றியா என்பதைக்கூட வடிவம் மட்டும் சொல்லாது.