மெஸ்ஸியை ஏன் வைத்துக்கொள்ள முடியவில்லை? பார்சா கணக்கு: கேள்வி பதில்

பார்சிலோனா (பார்சா) கால்பந்து கிளப்பின் வரவு செலவு பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். என் தொழில் கணக்குத் தணிக்கை. இருபது வருடமாக இந்த அணியின் ரசிகன். தொகை எல்லாம் யூரோவில். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீரரை வாங்கும் விலை வேறு, அவருக்குக் கொடுக்கும் சம்பளம் வேறு. இரண்டையும் ஒரே எண்ணாக்கிக் கேட்காதீர்கள்.

2019ல் வருமானத்தில் உலகின் முன்னணி கிளப். இரண்டே வருடத்தில் எப்படி இந்த நிலைக்கு வந்தது, சார்?

2018-19ல் வருமானம் 99 கோடி. அந்த உயரத்தில் இருந்தபோதே அடித்தளம் அரித்துக்கொண்டிருந்தது. 2017 ஆகஸ்டில் நெய்மாரை 22.2 கோடிக்குப் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி கொண்டுபோனது. பார்சாவின் கையில் இவ்வளவு பணம் இருப்பது ஊருக்கே தெரியும். விற்க வந்தவர்கள் அதற்கேற்ற விலை சொன்னார்கள். டெம்பெலேவுக்கு 10.5 கோடியும் அதற்கு மேல் போனஸும், சில மாதத்தில் கூட்டின்யோவுக்கு அதைவிட அதிகம், 2019ல் கிரீஸ்மானுக்கு 12 கோடி.

கிரீஸ்மான் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். ஐந்து வருட ஒப்பந்தம். 12 கோடியை ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 2.4 கோடி செலவு ஏறும். இரண்டு வருடம் ஆடி முடித்த பிறகும் ஏட்டில் 7.2 கோடி மிச்சம். அந்த விலைக்கு ஆள் கிடைக்காமல் விற்றால், குறைகிற ஒவ்வொரு ரூபாயும் நஷ்டமாக எழுதப்படும். அதனால் அவரை விற்கவும் முடியாது, சம்பளத்தை நிறுத்தவும் முடியாது. 2021ல் அவரை அத்லெதிகோ மாட்ரிட் கிளப்புக்கு இரவலாக அனுப்ப வேண்டி வந்ததன் பின்னணி இதுதான்.

விலையைவிடப் பெரிய நோய் சம்பளம். ஒருவருக்கு ஏற்றிக் கொடுத்தால் அடுத்த வாரம் இன்னொருவரின் ஏஜென்ட் வந்து நிற்பார். மெஸ்ஸியின் 2017 ஒப்பந்தத்தை 2021 ஜனவரியில் ஸ்பெயின் நாளிதழ் எல் முன்டோ வெளியிட்டது: எல்லாப் போனஸும் சேர்ந்தால் நான்கு வருடத்துக்கு 55.5 கோடி. அப்புறம் கொரோனா வந்தது. மைதானம் காலி, மியூசியம் பூட்டு. 2020-21ல் வருமானம் 63.1 கோடிக்கு இறங்கி, நஷ்டம் 48.1 கோடியைத் தொட்டது. வருமானம் குறைந்ததே தவிர சம்பளப் பட்டியல் அந்த அளவுக்குக் குறையவில்லை. சில வீரர்களுக்கு ஒப்பந்தத்தை நீட்டி, அந்த வருடச் சம்பளத்தை அடுத்த வருடங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். 2021 ஆகஸ்ட் 16 அன்று தலைவர் லபோர்த்தா கணக்கைத் திறந்து காட்டினார். கடன் 135 கோடி. சம்பளம் வருமானத்தில் 103 சதவீதம். நூறு ரூபாய் வந்தால் நூற்று மூன்று ரூபாய் சம்பளத்துக்கே போய்விடும். வட்டி, மின்சாரம், பயணச் செலவு எல்லாம் அதற்கு மேல்.

மெஸ்ஸி சம்பளமே வாங்காமல் ஆடியிருக்கலாமே, அண்ணா?

மெஸ்ஸி இல்லாமலே சம்பளம் வருமானத்தில் 95 சதவீதம் என்று லபோர்த்தா அப்போதே சொன்னார். ஆக, அவர் பூஜ்யத்துக்கு வந்திருந்தாலும் ஓட்டை அடைபட்டிருக்காது. சம்பள வரம்பைத் தாண்டிய கிளப் நான்கு ரூபாய் மிச்சம் பிடித்தால் ஒரு ரூபாய்தான் புதிதாகச் செலவழிக்கலாம் என்பது ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் அன்றைய விதி. ஏற்கனவே ஒப்பந்தம் போட்டிருந்த மெம்பிஸ் டெபாய், எரிக் கார்சியா இருவரையும் லீகில் ஆடப் பதிவு செய்வதற்கே மூத்த வீரர் பிக்கே தன் சம்பளத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

மெஸ்ஸி பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டார். 2021 ஆகஸ்ட் 8, ஞாயிறு பிற்பகல், அவர் விடைபெற்ற பத்திரிகையாளர் சந்திப்பை நேரலையில் பார்த்தேன். பேசத் தொடங்கும் முன்பே அழுதார். முன்வரிசையில் இருந்த மனைவி அன்டோனெலா எழுந்து போய் டிஷ்யூ கொடுத்தார். அவர் பேராசையால் போனார் என்று இன்றும் எழுதுகிறவர்கள் அந்தக் காட்சியை ஒருமுறை பார்க்கட்டும்.

லா லிகா சம்பள வரம்பு என்பது எல்லா கிளப்புக்கும் ஒரே தொகையா?

இல்லை. உங்கள் வருமானத்தில் இருந்து அணிக்குச் சம்பந்தமில்லாத செலவையும், அந்த வருடம் கட்டவேண்டிய கடனையும் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் வரம்பு. பார்சாவுக்கு 2019-20ல் 67.1 கோடி இருந்தது. 2021 செப்டம்பரில் 9.79 கோடி. அடுத்த வசந்தத்தில் மைனஸ் 14.4 கோடி.

வரம்பு எப்படி மைனஸில் போகும்?

கழிக்கிற தொகை வருமானத்தைவிடப் பெரிதானால் போகும். நஷ்டத்தையும் சேர்த்துக் கழிக்கிறார்கள்.

மெஸ்ஸி ஒரு யூரோ சம்பளத்தில்...

மேலே எழுதியிருக்கிறேன்.

டிவி உரிமையை விற்றது சரியா?

2022 ஜூன் 30 அன்று லா லிகா டிவி வருமானத்தில் 10 சதவீதத்தை 25 வருடத்துக்கு சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து 20.75 கோடி வாங்கினார்கள். அடுத்த மாதமே இன்னும் 15 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நிலத்தை ஒத்திக்கு விட்டது போல.

தஞ்சாவூர்க்காரன் நான். ஒத்தி என்றால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துத்தான் நிலத்தை மீட்க வேண்டும். இங்கே திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லையே?

நீங்கள் சொல்வதுதான் சரி, ஐயா. 25 வருடக் குத்தகையை மொத்தமாக முன்பணமாக வாங்கியது என்று திருத்திக்கொள்கிறேன். 2047ல் உரிமை தானாகத் திரும்பும்.

குத்தகையாவது ஒத்தியாவது! கையெழுத்துப் போட்டவர் 2047ல் பதவியில் இருக்கப்போவதில்லை. அது கிரயம்தான்.

உங்கள் கோபம் நியாயம். ஆனால் கிரயம் என்றால் பேரன் காலத்திலும் திரும்பாது, இது திரும்பும். எனக்கு உறுத்துவது பத்திரத்தின் பெயர் அல்ல, பணம் போன இடம். முன்பணத்தில் கடனை அடைத்தால் வருடா வருடம் வட்டி மிச்சமாகும். அதை வைத்து லெவன்டாஸ்கி, ரஃபீன்யா, கூன்டே என்று புதிய வீரர்களுக்கு நீண்ட சம்பள ஒப்பந்தங்கள் போட்டால், பணம் ஒருமுறைதான் வந்திருக்கும், சம்பளம் மாதா மாதம் போய்க்கொண்டிருக்கும். 2022 செப்டம்பரில் 65.6 கோடிக்கு ஏறிய வரம்பு அடுத்த செப்டம்பரில் 27 கோடிக்கு விழுந்தது.

ஆனால் 2023ல் லீக் ஜெயித்தோமே!

ஜெயித்தோம். நானும் கொண்டாடினேன். அதே பருவத்தில் ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் போட்டியில் குரூப் சுற்றிலேயே வெளியேறி, அங்கே வரவேண்டிய பணத்தையும் இழந்தோம்.

அப்படியென்றால் தஞ்சாவூர்க்காரர் ஜெயித்தாரா, கிரயக்காரர் ஜெயித்தாரா?

சொல்லில் தஞ்சாவூர்க்காரர். கவலையில் கிரயக்காரர். கிளப்பின் வீடியோ தயாரிப்புப் பிரிவான பார்சா ஸ்டூடியோஸில் 49 சதவீதத்தை 20 கோடிக்கு விற்றதாக அறிவித்த கதையில் அவர் பக்கம் இன்னும் வலுக்கும். அந்தப் பணம் சொன்னபடி முழுதாக வந்து சேரவில்லை. வராத பணத்தை நம்பிப் போட்ட திட்டம் அது. 2023-24 கணக்கு 9.1 கோடி நஷ்டத்தில் முடிந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

2022ல் பார்சா வீரர் டி யோங் சம்பளத்தைக் குறைக்க மறுத்தது சுயநலம் இல்லையா?

இல்லவே இல்லை. 2020 அக்டோபரில் கிளப் கஷ்டத்தில் இருந்தபோது தன் சம்பளத்தைத் தள்ளி வாங்கச் சம்மதித்தவர்களில் அவரும் ஒருவர். உழைத்த சம்பளம் பாக்கி இருந்தால் அது கடன். கடன் கொடுத்தவரைப் பார்த்துச் சுயநலம் என்று கத்தியது ரசிகர்களாகிய நமக்கு அழகல்ல.

லெவன்டாஸ்கிக்கு மொத்தம் எவ்வளவு செலவு?

விலையா, சம்பளமா? பிரித்துக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் இந்த வரம்பு கிடையாதா?

2025-26 பருவம் வரை அங்கே முடிந்த வருடங்களைப் பார்த்துத் தண்டிப்பதுதான் விதி. மூன்று வருடத்தில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்ட் நஷ்டம் வரை அனுமதி. 2023 நவம்பரில் எவர்டன் கிளப்புக்கு 10 புள்ளி வெட்டி, மேல்முறையீட்டில் 6 ஆக்கினார்கள். ஸ்பெயினில் செலவுக்கு முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள்.

யாராவது பணக்காரர் கிளப்பை வாங்கிவிட்டால்?

விற்பனைக்கு இல்லை. 1990 சட்டம் ஸ்பெயினின் தொழில்முறை கிளப்புகளைக் கம்பெனியாக மாறச் சொன்னபோது விலக்குப் பெற்ற நான்கில் பார்சாவும் ஒன்று. உறுப்பினர்கள்தான் உரிமையாளர்கள்.

நான் உறுப்பினராவது எப்படி? அப்படியே ரியல் மாட்ரிட்டோடு ஆடும் அடுத்த கிளாசிகோ யார் ஜெயிப்பார்கள்?

முதல் கேள்வியை கிளப்பின் உறுப்பினர் அலுவலகத்திடம் கேளுங்கள். இரண்டாவது என் துறை இல்லை.

மெஸ்ஸி வெறும் போனஸுக்கு மட்டும்...

மூன்றாவது முறை. இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

பார்சா வீரர் டானி ஓல்மோ விவகாரம் என்ன? ஆடிட்டர் என்ற முறையில் சொல்லுங்கள்.

2024 டிசம்பர் கடைசியில் அவர் பதிவும் பாவ் விக்டர் பதிவும் காலாவதி ஆனது. கிளப்பின் மைதானமான காம்ப் நோவின் விஐபி பாக்ஸ்களின் வருங்கால உரிமையை 10 கோடிக்கு விற்றதாக கிளப் காகிதம் காட்டியது. லா லிகா பதிவை மறுத்தது. ஸ்பெயினின் அரசு விளையாட்டு அமைப்பு 2025 ஜனவரியில் தலையிட்டு இருவரையும் ஆட விட்டது. ஏப்ரலில், தணிக்கையாளர் அனுப்பிய கணக்கில் அந்த வரவு ஏறவே இல்லை என்று லா லிகா அறிக்கை விட்டது. அந்த அறிக்கையை இரண்டு முறை படித்தேன். அப்போது கட்டி முடிக்காத பாக்ஸில் எந்தத் தேதியில் வரவு எழுதுவது என்று என் மேஜைக்கு வந்திருந்தால், பாக்ஸை வாங்கியவர் கையில் ஒப்படைக்கும் நாள் வரை எழுதியிருக்க மாட்டேன்.