வெளுத்த வானமும் இருண்ட தெருவும்

வணக்கம். இரண்டு லென்ஸ்களைச் சுமந்து பகல் முழுவதும் நடந்தும், குறுகிய தெருக்களில் எடுத்த படங்களில் வானம் வெளுத்தும் கட்டடங்கள் இருண்டும் வருவதாக எழுதியிருந்தீர்கள். குறை கேமராவில் இல்லை. உச்சி வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள ஒளி வேறுபாட்டைக் கேமராவின் ஒளியுணர் பகுதியான சென்சாரால் பெரும்பாலும் ஒருசேரப் பதிவுசெய்ய இயலாது. ஆகவே, சூரியன் உதித்த பின்னும் மறைவதற்கு முன்னும் உள்ள ஒரு மணி நேரத்தை அகன்ற காட்சிகளுக்கு ஒதுக்கிவிட்டு, நண்பகலில் வானத்தைச் சட்டகத்துக்குள் விடாமல், முழு நிழலில் இருக்கும் கதவுகளையும் படிக்கட்டுகளையும் நெருங்கிச் சென்று எடுங்கள். வானத்தைத் தவிர்க்க முடியாதபோது, எக்ஸ்போஷரை (படத்தில் பதிவாகும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து, ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் மூலப்பதிவாக) எடுத்தால் இருண்ட பகுதிகளைப் பின்னர் மீட்கலாம். முற்றிலும் வெளுத்துப்போன வானத்தை மீட்க வழியில்லை. இரண்டாவது லென்ஸை (எனக்கு அதனால் மிஞ்சியது தோள்வலி மட்டுமே) அறையிலேயே விட்டுச் செல்லுங்கள்.