மிச்சிகனில் சாலையைத் திட்டுகிறவர்கள் சாலை வரிக்கு ஏன் ‘வேண்டாம்’ சொல்கிறார்கள்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் கான்டனுக்கு வந்து நான்கு மாதம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணா, மார்ச்சில் ஒரே வாரத்தில் இரண்டு டயர் போச்சு. அலுவலகத்தில் எல்லாரும் சாலையைத் திட்டுகிறார்கள். வரியை ஏற்றினால் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போடுவோம் என்கிறார்கள். இவ்வளவு பணக்கார நாட்டில் சாலை போடப் பணம் இல்லையா? எனக்கு ஓட்டுரிமையும் இல்லை. இங்கேயே வீடு வாங்கும் எண்ணம் இருக்கிறது. இதையெல்லாம் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?”

கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. வீடு வாங்கப் போகிறவருக்கு இது ஊர்க்கதை இல்லை, வருடா வருடம் பணம் கட்டப் போகிற விஷயம்.

நான் 2008-இல் வந்தேன். முதல் குளிர்காலம் முடிவதற்குள் எனக்கும் ஒரு டயரும் ரிம்மும் போயின. டயர் கடைக்காரர் வளைந்த ரிம்மைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கட்டுகிற வரியெல்லாம் எங்கே போகிறது?” என்றார். அன்றிலிருந்து இந்தக் கேள்வியை எத்தனை வாயில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. நீங்கள் பார்க்கும் எதிர்ப்பின் வேர் அதுதான். இங்குள்ளவர்கள் கஞ்சர்கள் இல்லை. கொடுத்த பணம் சாலைக்குப் போகிறது என்ற நம்பிக்கைதான் அவர்களுக்கு இல்லை.

அவர்கள் சந்தேகப்பட்டதற்கு நியாயமும் இருந்தது. 2025 முடியும்வரை இங்கே பெட்ரோல் போட்டால் எரிபொருள் வரியோடு 6 சதவீத விற்பனை வரியும் சேர்ந்து போகும். அந்த விற்பனை வரியில் பெரும்பகுதி பள்ளிகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் போனது. பள்ளிக்குப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை, என் இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள். ஆனால் பம்பில் நிற்பவர் ‘சாலைக்குக் கட்டுகிறேன்’ என்று நினைத்துக் கட்டியதில் ஒரு பங்கு வேறு இடத்துக்குப் போனது உண்மை.

2015 மே மாதம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். விற்பனை வரிக்கு இந்த மாநிலத்தின் அரசியலமைப்பே 6 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதை 7 ஆக்க மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். சாலைக்காக என்றுதான் சொன்னார்கள். ஆனால் அதோடு பள்ளி நிதி, பொதுப் போக்குவரத்து, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வரிச்சலுகை என்று ஒரு கட்டுச் சாமானையே சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் ‘வேண்டாம்’ என்று குத்திவிட்டார்கள். எனக்கு அப்போது ஓட்டு இல்லை. இருந்திருந்தால் ஆதரவாகப் போட்டிருப்பேன். ஆனால் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த வாசகத்தை மூன்று முறை படித்துவிட்டு, “இதில் சாலை எங்கே இருக்கிறது?” என்று கேட்டபோது என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

அதன் பிறகு சட்டமன்றமே ஒரு ஏற்பாடு செய்தது. 2017 ஜனவரியிலிருந்து கேலனுக்கு 19 சென்ட் வரி 26.3 சென்ட் ஆனது, வாகனப் பதிவுக் கட்டணமும் 20 சதவீதம் ஏறியது. அது போதவில்லை. 2018-இல் கிரெட்சன் விட்மர் சாலைகளைச் சரிசெய்வதையே முழக்கமாக வைத்து ஆளுநர் தேர்தலில் வென்றார். அடுத்த ஆண்டே கேலனுக்கு 45 சென்ட் கூட்டலாம் என்றார், சட்டமன்றம் அதைத் தொடவே இல்லை. அப்புறம் 2020-இல் 3.5 பில்லியன் டாலருக்குக் கடன் பத்திரம். அந்தப் பணம் மாநில நெடுஞ்சாலைகளுக்கு மட்டும்தான். நெடுஞ்சாலைகளில் வேலை நடப்பதைக் காட்டும் ஆரஞ்சு பீப்பாய்கள் மாதக்கணக்கில் நிற்கும்போது நம் தெருக் குழி அப்படியே கிடப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. ஜனங்களின் எரிச்சலும் இதனால் கூடியது. 2025 அக்டோபரில்தான் ஒரு நல்ல மாற்றம் சட்டமானது: 2026 ஜனவரியிலிருந்து பெட்ரோலுக்கு விற்பனை வரி கிடையாது, அதற்குப் பதிலாக எரிபொருள் வரி கேலனுக்கு 50 சென்ட்டைத் தாண்டிவிட்டது. பம்பில் கட்டுகிற மாநில வரி இப்போது சாலைக்கு. இங்கே சட்டப்படி விற்கிற கஞ்சாவுக்கும் சாலைக்காக 24 சதவீத மொத்த விற்பனை வரி போட்டார்கள். இதை இருபது வருடம் முன்பே செய்திருக்கலாம்.

இப்போது உங்கள் கான்டனுக்கு வருகிறேன், எனக்கு நம்பிக்கை தருவது இந்த ஊர்தான். கான்டன் ஒரு டவுன்ஷிப், அதாவது கவுண்டி என்ற மாவட்டத்துக்குள் இருக்கும் ஒரு சிறிய உள்ளாட்சி. மிச்சிகனில் டவுன்ஷிப்புக்குச் சொந்தச் சாலை கிடையாது. 1931-இல் வந்த சட்டம் அவற்றையெல்லாம் கவுண்டியிடம் ஒப்படைத்துவிட்டது. ஆக உங்கள் தெரு வெய்ன் கவுண்டியுடையது. “கவுண்டி செய்யட்டும், நாம் ஏன் கட்ட வேண்டும்” என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லியிருக்கலாம். ஆனால் விட்மர் வென்ற அதே 2018 நவம்பர் தேர்தலில், 20 ஆண்டுகளுக்கு 1.45 மில் சாலை வரியை (மில் என்பது சொத்து வரியின் அளவு, கணக்கைக் கீழே சொல்கிறேன்) ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள். மாநில அளவில் அவ்வளவு பெரிய ‘வேண்டாம்’ சொன்ன மூன்றரை ஆண்டில், இங்கே ‘சரி’. எவ்வளவு, எத்தனை வருடம், எந்த ஊர்ச் சாலை என்பதெல்லாம் தெளிவாக இருந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். கட்டுகிறவர் காரை எடுத்துக்கொண்டு போய், வேலை நடக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம்.

குழிக்குப் பணத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. விரிசலில் இறங்கும் தண்ணீர் இரவில் உறைந்து விரிகிறது, பகலில் உருகுகிறது, மேலே லாரி ஏறியதும் தார் பெயர்ந்துவிடுகிறது. லாரி என்றால் சாதாரண லாரி இல்லை. மற்ற மாநிலங்களில் பொதுவாக 80,000 பவுண்டுதான் எல்லை. இங்கே 11 அச்சு வண்டிக்கு 1,64,000 பவுண்டு வரை அனுமதி. எடை அச்சுகளுக்குப் பிரிந்துவிடுகிறது என்று விளக்கம் சொல்வார்கள். பாலங்களை நினைத்தால் எனக்கு அந்த விளக்கத்தில் மனம் சமாதானமாவதில்லை.

பாலம் என்றதும் மினியாபொலிஸ் ஞாபகம் வருகிறது. 2007 ஆகஸ்ட் 1 மாலை, நெரிசல் நேரத்தில் ஐ-35டபிள்யூ பாலம் மிசிசிப்பி ஆற்றுக்குள் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மே மாதம்தான் மினசோட்டா ஆளுநர் பெட்ரோல் வரி உயர்வைத் தன் வீட்டோவால், அதாவது சட்டமன்றம் நிறைவேற்றியதைத் தடுக்கும் அதிகாரத்தால், நிறுத்தியிருந்தார். 2008 பிப்ரவரியில் அதே மாநிலச் சட்டமன்றம் அவரது வீட்டோவையும் மீறி வரியை உயர்த்தியது. விசாரணையில் தெரிந்த முக்கியக் காரணம் பணப் பற்றாக்குறை இல்லை, வடிவமைப்பிலேயே இணைப்புத் தகடுகளின் தடிமனைக் குறைத்துவிட்டார்கள். இருந்தாலும் ஜனங்களின் மனசை மாற்ற அந்தப் பதின்மூன்று உயிர்கள் போக வேண்டியிருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

சரி, உங்கள் வீட்டுக் கணக்கு. ஒரு மில் என்றால் வரிமதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். நீங்கள் 4,00,000 டாலருக்கு வீடு வாங்கினால் வரிமதிப்பு ஏறக்குறைய அதில் பாதி, 2,00,000. அப்போது 1.45 மில் என்பது வருடத்துக்கு 290 டாலர். பக்கத்து வீட்டுக்காரர் உங்களைவிடக் குறைவாகக் கட்டலாம். 1994-இலிருந்து இருக்கும் விதிப்படி, வீடு கை மாறாதவரை வரிமதிப்பு பணவீக்கத்துக்கு மேல் ஏறாது, அதிகபட்சம் 5 சதவீதம். கை மாறியதும் வாங்கியவருக்கு அது ஒரே தாவாகத் தாவும். எனவே விற்பவர் கட்டும் வரியைப் பார்த்து மாதக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தெருவுக்கு ஸ்பெஷல் அசெஸ்மென்ட் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வீட்டுக்காரர்களில் போதுமான பேர் கையெழுத்துப் போட்டுத் தெருவைப் புதிதாகப் போட்டிருந்தால், அந்தச் செலவு பல வருடங்களுக்கு ஒவ்வொரு வீட்டின் தலையிலும் இருக்கும். நான் வாங்கும்போது இதைக் கேட்கவில்லை, அடுத்த டிசம்பர் பில்லில்தான் தெரிந்தது.

ஓட்டு இல்லாவிட்டாலும் உங்களுக்கு வாய் இருக்கிறது. டவுன்ஷிப் கூட்டங்களில் பொதுமக்கள் பேசச் சில நிமிடங்கள் தருவார்கள், குடியுரிமை தேவையில்லை. கிரீன் கார்டு காலத்தில் நான் இரண்டு முறை பேசியிருக்கிறேன். குழியைப் பற்றிப் புகார் சொல்வதற்கு முன் சாலை யாருடையது என்று பாருங்கள். ஐ, யூஎஸ், எம் என்று தொடங்கும் எண் இருந்தால் மாநிலம். கான்டனில் மற்றவை பெரும்பாலும் கவுண்டி. படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் எழுதி, அன்றைக்கே அனுப்புங்கள். முப்பது நாளுக்கு மேல் இருந்த குழி என்றால் அதிகாரிகளுக்கு அது தெரிந்திருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் இன்று அனுப்பும் புகார், அடுத்த மாதம் அதே குழியில் விழுகிறவருக்கு உதவும்.