விளையாட்டாக வந்த பரப்புரை

பரப்புரை புதிய ஊடகங்கள் வழியாக இளைஞர்களை எவ்வாறு அடைகிறது என்பதற்கு, அமெரிக்கத் தரைப்படை 2002 ஜூலை 4 அன்று இலவசமாக வெளியிட்ட ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற கணினி விளையாட்டு நல்ல எடுத்துக்காட்டு. ஆள்சேர்ப்பை மனத்தில் கொண்டு உருவான அதில், படை மருத்துவ உதவியாளராக ஆட விரும்புபவர் முதலில் வகுப்பில் பாடம் கேட்டுத் தேர்வில் தேற வேண்டும். இரு அணிகள் மோதும்போது, ஒவ்வோர் அணிக்கும் தன் திரையில் தானே அமெரிக்கப் படையாகவும் எதிரணி பகைவராகவும் தெரியும். ஆகவே, எவரும் எதிரியின் பக்கம் நின்று பார்க்கவே இயலாது. என் பார்வையில், வெளிப்படையான முழக்கத்தைவிட இந்த ஏற்பாடே வலிமையானது. சுவரொட்டியை ஒரு நொடியில் கடந்துவிடும் இளைஞர் இங்கே தாமாகவே மணிக்கணக்கில் தங்கினார். 2022-இல் விளையாட்டு நிறுத்தப்பட்டது. அதற்குள் தரைப்படை கணினி விளையாட்டுப் போட்டிகளில் ஆடும் தன் மின்விளையாட்டு அணியுடன், விளையாடுவதை நேரலையாகக் காட்டும் ‘ட்விச்’ இணையதளத்துக்கு நகர்ந்திருந்தது.