நோய் அண்ணனுக்கு, ரத்தம் எங்களிடம் கேட்கிறார்களே?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 48. முப்பத்தொன்றாம் வயதில் நடக்கும்போது வலது பாதம் உள்பக்கம் முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது, அப்புறம் கை நடுக்கம். பார்க்கின்சன் என்று சொல்லி லெவோடோபா மாத்திரை கொடுத்தார்கள், இன்றுவரை நன்றாகக் கேட்கிறது. இப்போது மரபணு ஆராய்ச்சி என்று அப்பா, அம்மா, நான், தம்பி எல்லோரிடமும் ரத்தம் கேட்கிறார்கள். அப்பாவுக்கு அம்மா மாமன் மகள். எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, எதற்குக் கொடுக்க வேண்டும்? இன்னொன்று: என் மகளை (வயது 19) அண்ணன் மகனுக்குக் கொடுப்பதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு. கொடுக்கலாமா? என் வீட்டுக்காரரும் அண்ணியும் அசல். எனக்கு வயது 44.
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவது கேள்விதான் என்று படித்ததுமே புரிந்துவிட்டது. ஆனால் அதற்கான பதில் முதல் கேள்விக்குள் இருப்பதால் அங்கிருந்தே வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பார்க்கின்சன் பெரும்பாலும் குடும்ப நோய் இல்லை. அறுபதை ஒட்டி வரும், வீட்டில் வேறு யாருக்கும் இருக்காது. இது பரம்பரையாக வரவே வராது என்று நம்பிய டாக்டர்கள் ஒரு காலத்தில் நிறையப் பேர். அந்த நம்பிக்கையை உடைத்தது இத்தாலியின் தெற்கே கொன்டுர்சி என்கிற ஊரிலிருந்து கிளம்பிய ஒரு குடும்பம். அமெரிக்காவில் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்திருந்த அவர்களுடைய வழித்தோன்றல்களை அங்குள்ள நரம்பியல் மருத்துவர்கள் பார்த்து, சித்தப்பா யார், பெரியம்மா யார் என்று கிளை கிளையாக விசாரித்துக்கொண்டே போனதில் ஐந்து தலைமுறையில் 60 பேருக்கு நோய் இருந்தது தெரிந்தது. நோயாளிகளின் ரத்தத்தையும் நோயில்லாத சொந்தக்காரர்களின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் 1997-இல் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதத்துக்கான மரபணுவில் இருந்த பிழையைப் பிடித்தார்கள். அதே வருடம், பரம்பரை எதுவும் இல்லாத சாதாரணப் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் சேரும் கட்டிகளும் அதே புரதத்தால் ஆனவை என்று தெரிந்தது. ஒரே குடும்பம் கொடுத்த ரத்தம் உலகத்தில் உள்ள எல்லா நோயாளிகளுக்கும் வழி காட்டியது. இன்றைக்குச் சோதனையில் உள்ள பல புது மருந்துகள் குறிவைப்பது அந்தப் புரதத்தைத்தான்.

உங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கும், அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. கொன்டுர்சி குடும்பத்தில் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ ஒரே ஒரு பழுதான பிரதி வந்தாலே போதும். உங்கள் அண்ணனுடையது, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இரண்டு பிரதியும் பழுதானால் மட்டும் வருகிற வகையாக இருக்கலாம். இளம் வயதில் ஆரம்பம், முதலில் பாதம் முறுக்குவது, பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் மாத்திரை கேட்பது, பெற்றோர் சொந்தம் என்று எல்லாமே அந்தப் பக்கம்தான் கையைக் காட்டுகின்றன. இந்த வகையில் அதிகம் பார்ப்பது பார்க்கின் என்ற மரபணு, 1998-இல் ஜப்பானில் கண்டுபிடித்தது. பிங்க்1, டிஜே1 என்று இன்னும் இரண்டு உண்டு. ஆளைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டு வையுங்கள்: அண்ணனுக்கு வில்சன் நோய் இல்லை என்று எப்போதாவது சோதித்தார்களா? உடம்பில் தாமிரம் சேர்ந்துபோகிற அந்த நோயும் இளம் வயதில் இப்படி நடுக்கத்தோடு வரும், அதற்குத் தனி மருந்து இருக்கிறது. பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பார்த்திருப்பார்கள்.

சரி, உங்கள் ரத்தம் எதற்கு? அண்ணன் ரத்தத்தில் பார்க்கின் மரபணுவில் இரண்டு பிழைகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பிரதியில் இருக்கலாம், அப்படியென்றால் இன்னொரு பிரதி நன்றாக இருக்கிறது, நோய்க்குக் காரணம் அதுவல்ல. அல்லது அப்பா கொடுத்ததில் ஒன்று, அம்மா கொடுத்ததில் ஒன்று என்று இருக்கலாம், அப்போதுதான் அது காரணம். அண்ணன் ரத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம், அப்பா அம்மா ரத்தம் இருந்தால் ஒரே நாள் வேலை. சொந்தத்தில் கல்யாணம் நடந்த வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பிரதியிலும் ஒரே பிழை இருக்கும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பொதுவான தாத்தா பாட்டியில் யாரோ ஒருவரிடம் இருந்த ஒற்றைப் பிழை, இரண்டு பாதையில் இறங்கி வந்து உங்கள் அண்ணனிடம் மறுபடி சந்தித்துக்கொண்டது. நீங்களும் தம்பியும் எதற்கென்றால், நோயில்லாத உங்களிடமும் அதே போல இரண்டு பிரதியிலும் அது இருந்துவிட்டால், சந்தேகப்பட்ட பிழை உண்மையில் குற்றவாளி இல்லை என்று ஆகிவிடும். இது நம்மூரில் ரொம்ப முக்கியம். ஏனென்றால் இதுவரை சேர்ந்திருக்கும் மரபணுத் தகவலில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது, நம்மவர்களிடம் தென்படுகிற மாற்றம் நோய் தருவதா சும்மா இருப்பதா என்று அதில் பார்த்துச் சொல்ல முடியாமல் பல ரிப்போர்ட்கள் 'தெளிவில்லை' என்றே வருகின்றன.

பார்க்கின் மரபணுவில் எழுத்துப்பிழையோடு சில நேரம் ஒரு துண்டே காணாமல் போயிருக்கும், இல்லையென்றால் ஒரு துண்டு இரட்டிப்பாகியிருக்கும். வெறும் எழுத்துக்களை வாசிக்கிற சோதனை இதைத் தவறவிடலாம், துண்டுகளை எண்ணுகிற எம்.எல்.பி.ஏ. போன்ற சோதனையும் வேண்டும். எப்போதோ காசு கட்டிச் செய்து 'ஒன்றும் இல்லை' என்று வந்த ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ரத்தம் எடுப்பதோடு விடமாட்டார்கள். நடக்கச் சொல்வார்கள், விரலைத் தட்டச் சொல்வார்கள், வாசனை தெரிகிறதா, மலச்சிக்கல் உண்டா, தூக்கத்தில் கத்துவது, கை காலை வீசுவது உண்டா என்று கேட்பார்கள். எரிச்சல் படாதீர்கள், நோயின் ஆரம்ப அறிகுறி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் இதெல்லாம். தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அக்கா, எங்கள் ஓ.பி.யில் அவருக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். பேச்சு, நடை எல்லாம் சாதாரணம். படிவத்தை வாங்கிப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் பெரிய எழுத்தில் ஆரம்பித்து முடியும் இடத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்திருந்தது. அவருக்கும் ஆரம்பமாகியிருந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

இப்போது நீங்கள் கேட்க வேண்டியவை. ஆராய்ச்சிக்குக் கொடுப்பதும் லேபில் டெஸ்ட் செய்வதும் ஒன்றல்ல. ஆராய்ச்சிக்குக் காசு கட்ட வேண்டியதில்லை, ஆனால் ரிப்போர்ட் வரும் என்ற உறுதியும் இல்லை. ஒப்புதல் படிவத்தில் முடிவு எங்களுக்குச் சொல்லப்படுமா, சாம்பிளை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், வேறு ஆராய்ச்சிக்குக் கொடுப்பீர்களா என்பதற்கெல்லாம் பதில் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினீர்கள் என்று அண்ணன் வைத்தியத்தில் கை வைக்கக் கூடாது. முடிவு தெரிய வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு, தம்பி அப்படிச் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். கூகுளை நிறுவியவர்களில் ஒருவரான செர்கே பிரின் தன்னிடம் பார்க்கின்சனோடு தொடர்புடைய எல்.ஆர்.ஆர்.கே.2 என்ற மரபணுவில் பிழை இருப்பதை 2008-இல் தானே வெளியில் சொன்னார், அவர் அம்மாவுக்குப் பார்க்கின்சன் இருந்தது. அந்தப் பிழை இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை, எழுபது எண்பது வயதுவரை ஒன்றுமில்லாமல் இருப்பவர்கள் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள், கண்ணாடி முன் தினம் கையை நீட்டி நடுங்குகிறதா என்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி கல்யாணம். நான் சொல்வது அண்ணனுடையது இரண்டு பிரதியும் பழுதான வகை என்று உறுதியானால் மட்டும் பொருந்தும். அண்ணன் மகனிடம் பழுதான பிரதி ஒன்று கட்டாயம் இருக்கும். அவனுக்கு அதனால் பொதுவாக நோய் வராது. உங்களிடம் ஒரு பழுதான பிரதி இருப்பதற்கு மூன்றில் இரண்டு வாய்ப்பு, உங்கள் மகளுக்கு அது இறங்கியிருக்க மூன்றில் ஒன்று. இருவரிடமும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. எல்லாவற்றையும் பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று. வெளியில் செய்தால் இது கிட்டத்தட்ட இல்லை என்கிற அளவுக்கு இறங்கிவிடும்.

இந்தக் கணக்கு சோதனை செய்யும்வரைதான். பிழை இன்னதென்று அண்ணனிடம் தெரிந்ததும், அதே பிழை உங்களிடம் உண்டா என்று அங்கீகாரம் உள்ள லேபில் பாருங்கள், மரபணு ஆலோசகரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்களிடம் இல்லையென்றால் மகளுக்கு ஊசியே குத்த வேண்டாம், இந்த நோயைப் பற்றிய பயத்தையும் விட்டுவிடலாம். இருந்தால், மகள் விருப்பப்பட்டுப் பார்த்துக்கொள்ளட்டும், மேஜர்தானே. அதுவரை பேச்சைத் தள்ளி வையுங்கள் என்பது என் அபிப்பிராயம். சொந்தத்துக்குள் கல்யாணத்தில் இந்த ஒரு நோய் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே பேசிவைத்தது பெரியவர்கள்தானே, பிள்ளைகள் இருவரையும் யாராவது கேட்டீர்களா?

ரத்தம் கொடுக்க முதலில் அப்பா அம்மாவைக் கூட்டிப் போங்கள், உங்களுக்கும் தம்பிக்கும் அடுத்த மாதம்கூட எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, காலையில் சாப்பிட வைத்தே அழைத்துப் போங்கள்.