பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளின் கொடிகளில் உங்களுக்குப் பிடித்தது எது? ஏன்?

டிரிஸ்டன் டா குன்யாவின் கொடி. பார்த்ததும் கண்ணைப் பறிக்கும் கொடி என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் தள்ளி நின்றால் ஃபாக்லாந்து, கேமன் தீவுகள் கொடிகளுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. அதே கருநீலத் துணி, மூலையில் யூனியன் ஜாக், மறுபக்கம் ஒரு சின்னம். கிட்டே போய் அந்தச் சின்னத்தைப் பார்க்க வேண்டும். கேடயத்தை இரண்டு பக்கமும் தாங்கி நிற்பவை இரண்டு சிங்கி இறால்கள்!

பிரிட்டிஷ் அரச சின்னத்தில் அந்த இடத்தில் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் நிற்கும். இவர்கள் மீசையோடும் காலோடும் இறாலையே நிறுத்திவிட்டார்கள். வேடிக்கைக்காக அல்ல, அந்தத் தீவுக்குச் சோறு போடுவதே அதுதான். தென் அட்லாண்டிக்கில், கேப் டவுனிலிருந்து சுமார் 2,800 கிமீ தள்ளி இருக்கிறது டிரிஸ்டன். விமான நிலையம் கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஏறினால் ஒரு வாரம் ஆகலாம். ஒரே ஊர், 250 பேருக்கும் குறைவு. கடல் அமைதியாக இருக்கும் நாளில் விடியற்காலையில் மணி அடிப்பார்கள். அன்று மீன்பிடி நாள் என்று அர்த்தம். பிடித்த இறால் ஊரிலேயே உள்ள ஆலையில் உறைய வைக்கப்பட்டு ஏற்றுமதியாகிறது. வருமானத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது.

கேடயத்துக்குள் நான்கு பறவைகள், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல. மஞ்சள் மூக்கு அல்பட்ராஸ் என்ற கடற்பறவை. அட்லாண்டிக்கில் வாழும் இந்த இனம் முட்டையிடுவது டிரிஸ்டன் தீவுக்கூட்டத்திலும் பக்கத்து கஃப் தீவிலும் மட்டுமே. 2002 அக்டோபரில் இந்தக் கொடி வரும்வரை, செயின்ட் ஹெலினா தீவின் கொடியைத்தான் இவர்களும் ஏற்றி வந்தார்கள். அதில் இருந்த பறவையோ செயின்ட் ஹெலினாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. 2,400 கிமீ தொலைவில் இருக்கும் ஊரின் பறவையை எத்தனை காலம்தான் தங்கள் கம்பத்தில் பறக்கவிடுவது?

எனக்கு மிகவும் பிடித்தது உச்சியில் உள்ள படகு. கப்பற்படையைக் குறிக்கும் கிரீடத்தின் மேல் அது இருக்கிறது. தீவில் படகு கட்டும் அளவுக்கு நல்ல மரம் கிடையாது. அதனால் மெல்லிய மரச்சட்டம் கட்டி, மேலே கேன்வாஸ் துணியை இழுத்துப் போர்த்தி, வண்ணம் பூசிவிடுவார்கள். அந்த நீளப் படகில் பாய் விரித்து, 30 கிமீக்கு அப்பால் இருக்கும் நைட்டிங்கேல் தீவுக்குப் போய் முட்டையும் கடற்பறவைக் கொழுப்பும் எடுத்து வருவார்கள். போகிற வழியில் காற்று மாறினால் என்ன கதி என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இன்று எந்திரப் படகுகள் வந்துவிட்டன. துணிப் படகு பெரும்பாலும் கொடியில்தான் ஓடுகிறது.

சின்னத்தின் கீழே, ‘எங்கள் நம்பிக்கையே எங்கள் பலம்’ என்ற பொருளில் ஒரு வாசகம். இப்படி ஒரு வரி எந்த ஊர்ச் சின்னத்திலும் இருக்கும் என்று அலட்சியமாகக் கடந்து போயிருப்பேன், 1961 தெரியாமல் இருந்திருந்தால். அந்த ஆண்டு ஊருக்குப் பக்கத்திலேயே எரிமலை வெடித்தது. எல்லோரும் படகேறி நைட்டிங்கேலில் ஒதுங்கி, அங்கிருந்து கேப் டவுன் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். லாவா இறால் ஆலையை மூடிவிட்டது. இங்கிலாந்திலோ வேலை இருந்தது, மின்சாரம் இருந்தது, கடைகள் இருந்தன. ஆனாலும் மறு ஆண்டு வாக்கெடுப்பு வைத்தபோது, திரும்பிப் போக வேண்டும் என்றவர்கள் 148 பேர், வேண்டாம் என்றவர்கள் 5 பேர். 1963இல் பெரும்பாலானோர் ஊர் திரும்பினார்கள்.

கொடியில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். 1816இல் பிரிட்டன் இங்கே படையை இறக்கியதற்கு முக்கியக் காரணம், செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனை மீட்க யாரும் இந்தத் தீவைத் தளமாக்கிவிடக் கூடாது என்பதுதான். மறு ஆண்டே படை கிளம்பிவிட்டது. வில்லியம் கிளாஸ் என்ற வீரர் மனைவி மக்களோடு அங்கேயே தங்கிவிட்டார். ஊர் உருவானது அப்படித்தான். நெப்போலியன் கதையைக் காட்டும் எதையும் சின்னத்தில் சேர்க்கவில்லை. சரியான முடிவு என்பேன். இவர்கள் கொடியில் அந்த ஆளுக்கு என்ன வேலை?

ஆனால் உருளைக்கிழங்கை விட்டது அநியாயம். ஊருக்கு வெளியே கல்சுவர் கட்டிய சின்னச் சின்னத் தோட்டங்களில் இன்றும் ஒவ்வொரு குடும்பமும் கிழங்கு போடுகிறது. தீவில் பணப்புழக்கமே இல்லாத காலத்தில், 1946இல், முன்பு தீவை அளந்து வரைபடம் போட்ட ஆலன் க்ராஃபோர்ட் தீவுக்கென்று தபால்தலை வடிவமைத்தார். அதில் விலை 1 பென்னி அல்லது 4 உருளைக்கிழங்கு. லண்டன் அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. கொடி வரைந்தவர்களாவது இரண்டு கிழங்குக்கு இடம் கொடுத்திருக்கலாம்.