கடைசி செமஸ்டரில் நைட் ட்யூட்டி

கேள்வி: வணக்கம் அக்கா. நான் பி.எஸ்சி. நர்சிங் எட்டாவது செமஸ்டர். இன்டர்ன்ஷிப் தொடங்கிவிட்டது. பகலில் ஆஸ்பத்திரி வார்டில் போஸ்டிங், வாரத்தில் நான்கு இரவு எங்கள் ஊர் நர்சிங் ஹோம் ஒன்றில் எட்டுக்கு எட்டு வேலை. அப்பாவால் இப்போது மூட்டை தூக்க முடியவில்லை, அதனால் என் பஸ் செலவும் தம்பி படிப்பும் இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. வார்டில் நிற்கும்போதே கண் சொருகுகிறது. இன்னும் கொஞ்ச மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வேண்டாம் தங்கச்சி. நைட் வேலையை இந்த மாதத்தோடு விட்டுவிடு.

வீட்டு நிலைமை புரியாமல் சொல்லவில்லை. இன்டர்ன்ஷிப்பே வாரத்துக்கு 48 மணி நேரம், நான்கு நைட் சேர்ந்தால் இன்னொரு 48, ஆக 96 மணி நேரம் நீ நோயாளிகள் பக்கத்தில் நிற்கிறாய், அதற்கு மேல் பஸ் பயணம், கேஸ் புக், லாக் புக். எந்த உடம்பு தாங்கும்?

தூக்கம் கெட்ட உடம்பு எங்கே தவறு செய்யும் தெரியுமா? காலை ஏழரை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடும் நேரத்தில். சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு, ஆரஞ்சு மூடி மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு என்று உனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ராத்திரி முழுக்க விழித்த கை 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்துவிட்டால், அந்தப் பெரியவருக்கு இரண்டரை மடங்கு இன்சுலின் உள்ளே போய்விடும். அடுத்த அரை மணியில் நீ பஸ் பிடிக்கக் கிளம்பியிருப்பாய், அவருக்கு சர்க்கரை இறங்குவதை யார் பார்ப்பது?

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. நீ இன்னும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்யவில்லை. அந்த நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸ் என்று நோயாளியின் சார்ட்டில் கையெழுத்துப் போடுகிறாயா? "டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்வார்கள். ஏதாவது ஆகிவிட்டால் சார்ட்டில் இருப்பது உன் கையெழுத்துதான். நான்கு வருடப் படிப்பை அதில் பணயம் வைக்காதே.

அட்டெண்டன்ஸ் கணக்கையும் பார். தேர்வு எழுத 80 சதவீதம் போதும், ஆனால் பட்டம் கையில் வர பிராக்டிகல் போஸ்டிங் நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும். 22 வார இன்டர்ன்ஷிப்பில் அசந்து தூங்கி விட்ட ஒவ்வொரு நாளையும் பின்னால் நின்று ஈடுகட்டத்தான் வேண்டும். கூடப் படித்தவர்கள் பதிவை முடித்து எம்ஆர்பி (அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு ஆள் எடுக்கும் வாரியம்), எய்ம்ஸ் என்று விண்ணப்பிக்கும்போது நீ மட்டும் பாக்கி போஸ்டிங் பார்த்துக்கொண்டிருப்பாய். முழுச் சம்பள வேலை அத்தனை நாள் தள்ளிப்போகும்.

சரி, பணத்துக்கு என்ன வழி? ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு, வாங்கவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் உடனே கேள். ஃபீஸ் பாக்கி இருந்தால் கல்விக்கடன் பார்க்கலாம், கடைசி வருடத்திலும் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துக் கட்டத் தொடங்கலாம். கடன் என்றால் அப்பா பயப்படுவார், அவரையும் பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போ, மேனேஜர் வாயால் கேட்கட்டும். வேலை செய்தே ஆக வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், பகலில், நோயாளியைத் தொடாத வேலை. பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாலும் போதும். நைட் சம்பளம் அளவுக்கு வராது, தெரியும். அந்தப் பள்ளத்தை இந்தச் சில மாதத்துக்கு மாமாவோ சித்தப்பாவோ கைமாற்றாகக் கொடுத்து அடைக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசு. சம்பளம் வந்ததும் திருப்பிக் கொடுக்கப் போகிறாய், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அப்புறம், வேலைக்குச் சேரும்போது அந்த நர்சிங் ஹோமில் ஒரிஜினல் சர்டிஃபிகேட் வாங்கி வைத்திருக்கிறார்களா? அப்படியானால் முதலில் அதைத் திரும்ப வாங்கு, அதற்குப் பிறகு வேலையை விட்டு நிற்பதாகச் சொல். கொடுக்க மறுத்தால் தனியாகப் போய்ச் சண்டை போடாதே, கல்லூரி முதல்வரிடம் சொல், அப்பாவை உடன் அழைத்துக்கொண்டு போ.